அக்கா பார்த்த துணி

ஒரு துணியைக் கையில் கொடுத்தால் அக்கா முதலில் அதைப் பார்க்க மாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடுவிரல் நுனியால் ஒரு தடவை நீவுவார். வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்ந்து வெடித்த விரல். இழைகள் அந்த வெடிப்பில் மெல்லப் பிடித்து இழுத்தால் "ம்" என்பார். வழுக்கிக்கொண்டு போனால் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிடுவார். கண்ணால் பார்ப்பது, ஓரத் தையலை மடக்கிப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புடவையைச் சொல்லவில்லை. கார் துடைக்கிற மைக்ரோஃபைபர் டவலைச் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோட்டுக்குப் போகிற வழியில் எங்கள் மாமாவுக்கு ஒரு கார் சாமான் கடை இருந்தது. சீட் கவர், தரை மேட், ஷாம்பு, பாலிஷ், டவல் எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, காரைக் கழுவிப் பாலிஷ் போட்டும் கொடுத்தோம். மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து என்னைப் படிக்க வைத்ததும், பிறகு கடையில் பில் போட உட்கார வைத்ததும், மகளை எனக்கே கொடுப்பதாகச் சொன்னதும் மாமாதான்.

அக்கா அந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தவர் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவுக்கு சீட் கவர் மாற்ற இருவரும் வந்திருந்தார்கள். மாமா ஒரு வாடிக்கையாளரிடம் நீல டவல் ஒன்றை விரித்துக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அக்கா அதை ஒரு தடவை தொட்டுவிட்டு, "இதப் போயி எதுக்குண்ணே இம்புட்டுப் பேசுறீங்க? தண்ணியே குடிக்காதே இது" என்றார். வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். மாமா மல்லுக்கு நின்றார். அக்கா கவுண்டரில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கண்ணாடி மேல் ஊற்றி டவலால் துடைத்தார். தண்ணீர் அப்படியே தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனது.

மாமா அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். "எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் பதினாறு வருஷம் நின்றதாகவும், இப்போது சும்மா இருப்பதாகவும் அக்கா சொன்னார். அந்த வேலை எப்படிப் போயிற்று என்று மாமா கேட்கவில்லை, மறுநாளே கடைக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். எங்களுக்கு அது தானாகவே தெரிந்தது. வந்த முதல் வாரத்திலேயே அக்கா ஐந்து பேரிடம், "இத வாங்காதீங்க" என்று சொன்னார்.

கோபமாகவோ சவடாலாகவோ சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்த தம்பியிடம் குழம்பில் உப்புக் கூடிப்போனதைச் சொல்வது மாதிரி சொல்வார். "வீலு தொடைக்க வச்சுக்கங்கண்ணே. பாடியில பட்டுச்சுன்னா கோடு விழுந்துரும். நாளைக்கு வேற தொணி வருது, அத எடுத்து வைக்கிறேன்." மாமா உள்ளே கூப்பிட்டுக் கத்துவார். "ஏம்மா, வர்ற ஆளையெல்லாம் நீயே திருப்பி விட்டுருவ போலயே!" அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வெளியே வந்து அடுத்த ஆளிடமும் அதையேதான் சொல்வார். அவரால் வேறு மாதிரிச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

ஆனால் அவர் திருப்பி அனுப்பிய ஆட்கள் திரும்பி வந்தார்கள். கூட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு மாதத்தில், "அக்கா பாத்த தொணியா?" என்று கேட்டு வாங்குகிற வழக்கம் வந்துவிட்டது. மாமா கத்துவதை நிறுத்திவிட்டார்.

புது சரக்கு வந்தால் அக்கா ஒரு பரீட்சையே நடத்துவார். மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து பழைய கல்யாண சிடிக்களை ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார். பளபளக்கிற பக்கத்தில் டவலை வைத்து அழுத்திப் பத்துத் தடவை தேய்ப்பார். வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். கோடு தெரிந்தால் அந்த டவல் கார் மேல் படக்கூடாது. அப்புறம் எடை. மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருந்த தம்பியிடமிருந்து மல்லிகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றை வாங்கி வந்திருந்தார். கனமான டவலில்தான் இழை அடர்த்தியாக இருக்கும், தூசி இழைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பெயின்ட்டை உரசாது. பாக்கெட்டில் போட்டிருக்கிற கனம் உண்மைதானா என்று தராசு சொல்லிவிடும். "அச்சடிக்கிறவனுக்கு என்ன, எம்புட்டு வேணா அடிப்பான்" என்று சொல்லிக்கொண்டே நிறுப்பார்.

அக்காவின் வாய் கடைக்குள் மட்டும் இப்படி என்று நினைத்திருந்தேன். எனக்கும் மாமா மகளுக்கும் நிச்சயம் நடந்த அன்றுதான் அந்த நினைப்பு போனது.

மண்டபத்தில் எங்கள் அம்மா, பெண்ணுக்கு எடுத்திருந்த பட்டுப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். பல வருஷமாகப் பொறுத்திருந்து, ஆசைப்பட்டு எடுத்த புடவை. அக்காவிடமும் கொண்டுபோய், "ஒனக்குத்தாம்மா தெரியும், எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார். நான் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலால் நீவினார்.

"கலரு நல்லாருக்கும்மா" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா விடவில்லை. "பட்டு எப்படி?"

"பாவு நூல்ல பாதி பட்டு இல்லம்மா. ஏமாத்திட்டாங்க."

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சாப்பிடும் வரை யாரும் அக்காவிடம் பேசவில்லை. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மறுநாள் காலை அக்கா லீவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, புடவையையும் எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய கடைக்கே போனார். என்ன நடந்தது என்பதை அம்மா பிறகு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். கடைக்காரர்கள் முதலில் பேசவே விடவில்லை. அக்கா புடவை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அங்கேயே தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தாராம். அசல் பட்டென்றால் முடி கருகுகிற வாடை வந்து சாம்பலாக உதிர வேண்டும். அது உருகி, கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டையாக நின்றது. வேறு வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து அம்மா அசல் பட்டோடு வீடு திரும்பினார். "எனக்காக அந்தப் பிள்ள நின்ன மாதிரி எவளும் நிக்கலடா" என்றார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மாமா திருமங்கலம் பக்கம் இரண்டாவது கடை திறந்தார். அது சரியாக ஓடவில்லை. அந்த நெருக்கடியில் எங்கிருந்தோ ஒரு லாரி டவலை மொத்தமாக எடுத்தார். அக்கா சிடியில் தேய்த்தார். வெயிலில் காட்டவே வேண்டியிருக்கவில்லை, நிழலிலேயே கோடு தெரிந்தது. தராசில் வைத்தார். போட்டிருந்த கனத்தில் பாதிகூட இல்லை.

"அண்ணே, இஞ்சினு தொடைக்கலாம். வேற எதுக்கும் ஆகாது" என்றார்.

மாமா அன்று கத்தவில்லை. "சரிம்மா, பாப்போம்" என்றார். சனிக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டார். "மாப்ள, நாளைக்குக் கடை லீவுதானே. வந்து புது ஸ்டிக்கர ஒட்டிரு. அந்தம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து ஒட்டினேன். தங்க நிற எழுத்தில் 'பிரீமியம்' என்று போட்ட ஸ்டிக்கர்.

திங்கட்கிழமை அக்கா ஒரு பாக்கெட்டைப் பிரித்து விரலை விட்டுப் பார்த்தார். "யாரு தம்பி ஒட்டுனது?" என்று கேட்டார்.

"மாமா ஆளு வச்சு ஒட்டுனாரு போலக்கா."

"நான் இத எடுத்துக் குடுக்க மாட்டேன். யாராச்சும் கேட்டா இல்லன்னுருவேன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் கீழ்த் தட்டில் தள்ளி வைத்தார். என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியூரிலிருந்து ஒரு டிரைவர் வருவார். பத்து வருஷம் யாருடைய டாக்ஸியையோ ஓட்டிவிட்டு அப்போதுதான் சொந்தமாக ஒரு கார் எடுத்திருந்தார். கறுப்புக் கார். ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று டூரிஸ்ட்களைக் கூட்டிப்போவார். கறுப்பில் ஒரு சின்னக் கீறல் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வண்டி எடுத்த மறுநாளே துணி வாங்க வந்தார். அன்று பார்த்து அக்கா தங்கை மகள் கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தார்.

"அக்கா இல்லையா? அப்ப நாளைக்கு வாரேன் தம்பி" என்று திரும்பினார்.

மாமா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நான் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தேன். "இது அக்கா பாத்து வச்சதுதாண்ணே" என்றேன்.

"அப்பச் சரி" என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அந்தக் கறுப்புக் கார் கடை வாசலில் வந்து நின்றது. உச்சி வெயில். பானெட்டிலிருந்து டிக்கி வரைக்கும், எவர்சில்வர் தட்டைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தது மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். டிரைவர் இறங்கி, பாக்கெட்டோடு அந்த டவல்களைக் கவுண்டர் மேல் போட்டார். அவர் மாமாவிடம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. நேராக அக்காவிடம் போனார்.

"உங்களத்தானேக்கா நம்பி வாங்குனேன். இப்படிப் பண்ணிட்டீங்களே."

அக்கா வெளியே போய்க் காரைக் குனிந்து பார்த்தார். பானெட்டில் கை வைத்தார். திரும்பி வந்து டவலைத் தொட்டார். "இது நான் பாத்த தொணி இல்லண்ணே. இத நான் வேணாம்னு ஒதுக்கி வச்சேன்."

மாமா குறுக்கிட்டார். "ஏம்மா, தொணி செலக்சன் பூரா நீதானே பாக்குற? இப்ப வந்து இல்லைங்கிற?"

"நீங்க பாத்ததுன்னு இந்தத் தம்பிதான் குடுத்தாப்ல" என்று டிரைவர் என்னைக் கை காட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது எல்லாம் சரியாகிவிடும் என்கிற நிம்மதிதான் இருந்தது. "சொல்லு தம்பி. நான் என்ன சொன்னேன் இந்தத் தொணிய?"

என் கண் முன்னால் கம்ப்யூட்டர் திரை இருந்தது. பாதி போட்ட பில் ஒன்று அதில் நின்றது. மாமா தொண்டையைச் செருமினார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"சரியா ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அக்கா அந்த டவலை மடித்துக் கவுண்டரில் வைத்தார். பிறகு டிரைவர் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டுருப்பேன்க்கா. பொய் சொல்றீங்க பாருங்க."

பாலிஷ் போட்டுச் சரிசெய்து தருவதாக மாமா சொன்னார். "ஒங்க தொணி இனிமே என் வண்டி மேல படக்கூடாது" என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். அக்கா அன்று சாயங்காலம் வரை வேலை பார்த்தார். வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். மதியத் தொழுகைக்குப் பின்னறைக்குப் போனவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தார். என்னோடு பேசாமல் இல்லை. "அந்த வயலட் கலர் தீந்துபோச்சு தம்பி, எழுதி வச்சுக்க" என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து தராசையும் சிடிப் பையையும் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "நல்லாருக்கியா தம்பி? கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். அக்கா அவரிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கல்யாணத்தில் அம்மா, "அந்தப் பிள்ளையக் காணோமேடா" என்று தேடினார். ஊரில் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். அக்கா வீட்டுக்கு நேரில் போய் இனிப்புக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா பிடிவாதமாக நின்றார். பழைய ஊருக்குள், பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அக்கா கூடத்தில் உட்கார்ந்து நைட்டிகளுக்குக் கீழோரம் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, "வா தம்பி, வா. புள்ள எப்படி இருக்கு? யாரு சாடை?" என்று கேட்டார். டீ போட்டுக் கொடுத்தார். டம்ளர் காலியாகும் வரை என்னால் பேச்சை எடுக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. ஸ்டிக்கர் ஒட்டுனதே நாந்தான்" என்றேன்.

"தெரியும். கோணலா ஒட்டியிருந்த."

"மன்னிச்சிருங்கக்கா."

அக்கா தைத்த துணியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவருகிட்டப் போயிச் சொல்லு."

அப்புறம் அவரே சொன்னார். "ரம்ஜானுக்கு முந்தி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல அவரப் பாத்தேன். கிட்டப் போயிப் பேசலாம்னு போனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் பொய் சொல்றவள்னு ஒருத்தரு நெனச்சுக்கிட்டு இருக்காரு தம்பி. அது ஒண்ணுதான். வேற எனக்கு ஒண்ணும் இல்ல."

போய்ச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையாகவே அலைந்தேன். பழைய பில்லில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி டீக்கடை டீக்கடையாக விசாரித்தேன். மூன்றாவது தடவை போனபோது வீட்டைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. வண்டியை விற்றுவிட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். இல்லை, இங்கேயே ஆரப்பாளையம் பக்கம் குடிபோயிருக்கிறார் என்றார் ஒருவர். டாக்ஸி ஸ்டாண்டுகளில் கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் அக்கா வீட்டுக்கு மறுபடியும் போனேன். சத்தியமாக அதற்காகத்தான். செருப்பைக் கழற்றும்போதே அக்கா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"சொல்லிட்டியா தம்பி?"

"சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷமே மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் தேய்த்து வெடித்த அந்த விரல்கள் என் தோலில் உரசின. "என்ன சொன்னாரு?"

"அக்காவத் தப்பா நெனச்சுட்டேனேன்னு வருத்தப்பட்டாருக்கா."

அக்கா உள்ளே திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம், "கேட்டீங்களா? நான் சொன்னேன்ல, தம்பி போயிச் சொல்லிருவான்னு" என்றார். அவர் கேட்டார், சிரித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "இனிமே எங்கனயாச்சும் அவரப் பாத்தா நானே போயிப் பேசிருவேன்" என்றார். இரண்டாம் தடவையும் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. டிரைவரைத் தேடுவதை மட்டும் ரொம்ப நாள் விடவில்லை. அவரை அக்கா பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட வேண்டும் என்று அலைந்தேன். கிடைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது. அக்காவின் பெயர் திரையில் தெரிந்தது. டிரைவரைப் பார்த்துவிட்டாரோ, சும்மா நலம் விசாரிக்கத்தானோ, எனக்குத் தெரியாது. அது அடித்து அடங்கும் வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் ஒரு தடவை அடித்தது. அப்புறம் அக்கா கூப்பிடவே இல்லை.